உங்களுக்குத் தெரியுமா? கிட் மாட்டினாலும் அச்சு உயராது!

பாசிர் கூடாங் துறைமுகச் சாலையிலும் கோத்தா திங்கி செம்பனைத் தோட்டங்களின் சேற்றிலும் ஓடித் தேய்ந்த பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்ட விரும்புகிறவர்களில் பலர், வண்டியின் உடலை உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ பொருத்திய மாத்திரத்தில் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் மேலெழுந்துவிடும் என்று நம்புகிறார்கள்; அது உண்மையன்று. பின் அச்சும், அதன் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியும் தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை நிர்ணயிப்பது டயரே. 31 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயர் போட்டாலும் அச்சு உயர்வது 1 அங்குலந்தான். கிட்டின் பிரயோஜனம், அந்தப் பெரிய டயர் திரும்பும்போதும் குலுங்கும்போதும் மட்கார்டில் உரசாதபடி இடம் உண்டாக்குவதே.

இதே டயர் மாற்றத்தால், முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 100 என்று காட்டுகையில், வண்டி சுமார் 106 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்!

பழைய வண்டிக்கு அளவாக உயர்த்துவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். கிட் பொருத்தியபின் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ரப்பர் பிரேக் குழாய் வில்லின் நாணைப்போல் விறைத்து நின்றால், நீளமான குழாயைப் பொருத்தாமல் சாலையில் இறக்குவது பிராணாபத்து.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகையால், பட்டறைக்குப் பணம் கட்டுமுன் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.