ஆபீஸ் கட்டடத்துக்கும் ஒரு 'முதலீட்டு மேனேஜர்' உண்டா? ரியல் எஸ்டேட் அசெட் மேனேஜ்மென்ட் வேலை எப்படி இருக்கும்?

தரமணியில் 2000-ம் ஆண்டு டைடல் பார்க் திறக்கப்பட்டது. இன்று ஓ.எம்.ஆர். முழுக்க கண்ணாடிக் கட்டடங்கள்தான். உள்ளே எந்தெந்த கம்பெனி இருக்கிறது என்று ஷேர் ஆட்டோ டிரைவரே சொல்லிவிடுவார். ஆனால், அதில் ஒரு கம்பெனி "மூன்றாவது மாடியைக் காலி செய்கிறோம்" என்று மெயில் போட்டால், அன்றைக்கு யாருடைய தூக்கம் கெடும் தெரியுமா? அசெட் மேனேஜருடையது.

லிங்க்ட்இனில் இந்தப் பதவி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. சிவில் இன்ஜினீயர்களும் சி.ஏ., எம்.பி.ஏ. முடித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். வீட்டில் சொன்னால், "பிளாட் விக்கிற வேலையாப்பா?" என்றுதான் முதல் கேள்வி வரும். இது அந்த வேலை இல்லை.

புரோக்கருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

புரோக்கர் ஆள் பிடித்துக் கொடுப்பார், கமிஷன் வாங்குவார், அடுத்த கட்டடத்துக்குப் போவார். லிஃப்ட், ஏ.சி., ஜெனரேட்டர், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் ஓட வேண்டியது ஃபெசிலிட்டி மேனேஜர் பொறுப்பு. வாடகை பில், வாடகைதாரர் புகார் போன்றவை பிராப்பர்ட்டி மேனேஜருக்கு. இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே, ஓனரின் இடத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்தான் அசெட் மேனேஜர். எந்த வாடகைக்கு விடுவது, எங்கே செலவு செய்வது, எப்போது விற்பது என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வரும்.

அவர் பார்க்கும் கணக்கு

ஓர் உதாரணம். 1 லட்சம் சதுர அடி கட்டடம், சதுர அடிக்கு மாதம் 70 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8.4 கோடி. சொத்து வரி, இன்ஷூரன்ஸ் போன்றவற்றுக்கு 40 லட்சம் போனால், கையில் நிற்பது 8 கோடி. இதுதான் நிகர இயக்க வருமானம்.

இந்த வகைக் கட்டடத்துக்கு 8% வருமானம் போதும் என்று வாங்குபவர்கள் நினைத்தால், 8 கோடியை 8 சதவீதத்தால் வகுக்க வேண்டும். கட்டடத்தின் மதிப்பு 100 கோடி. அந்த 8 சதவீதத்துக்கு 'கேப் ரேட்' என்று பெயர். ஆக, வருடத்துக்கு 20 லட்சம் கூடுதலாகச் சம்பாதித்துக் காட்டினால், மதிப்பு இரண்டரை கோடி ஏறும். இறங்குவதும் இதே வேகத்தில்தான்.

வாடகையைக் குறைப்பதா, காலி செய்ய விடுவதா?

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆபீஸ் குத்தகை ஒப்பந்தம் 9 வருடம் என்று எழுதப்பட்டிருக்கும். ஆனால், வாடகைதாரரைக் கட்டிப்போடும் 'லாக்-இன்' பெரும்பாலும் முதல் 3 முதல் 5 வருடங்கள்தான். அது முடிந்தால் சில மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். ஓனருக்கு வழக்கமாக அந்த உரிமை இருக்காது.

அதே கட்டடத்தில் 20,000 சதுர அடி வைத்திருக்கும் கம்பெனி, லாக்-இன் முடிந்ததும் "5 ரூபாய் குறைங்க, இல்லைன்னா போறோம்" என்கிறது. குறைத்தால் வருடத்துக்கு 12 லட்சம் நஷ்டம். போக விட்டால்? புது ஆள் வர 8 மாதம் ஆனால் வாடகையே 1.12 கோடி போச்சு. புரோக்கருக்கு ஒன்றிரண்டு மாத வாடகை, புதிதாக வருபவர் உள்வேலை முடிக்கும்வரை வாடகையில்லா மாதங்கள், காலி இடத்துக்கான பராமரிப்புச் செலவு எல்லாம் தனி.

அப்படியானால் குறைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்த 12 லட்சம் நிரந்தரமானால், கேப் ரேட் கணக்கில் கட்டட மதிப்பு ஒன்றரை கோடி இறங்கிவிடும். ஐந்தாவது மாடிக்காரருக்கு விஷயம் தெரிந்தால் அவரும் வந்து நிற்பார். (தெரியாமல் இருக்காது. எல்லோரும் ஒரே ஃபுட் கோர்ட்டில்தானே சாப்பிடுகிறார்கள்!) அதனால், அனுபவசாலிகள் அடிப்படை வாடகையில் கைவைக்க மாட்டார்கள். "இரண்டு மாத வாடகை வேண்டாம், ஆனால் லாக்-இன் இன்னும் 3 வருடம் நீட்டுங்கள்" என்று பேசிப் பார்ப்பார்கள். அந்தக் கம்பெனி நிஜமாகவே போகுமா, சும்மா மிரட்டுகிறதா என்று கண்டுபிடிப்பது எக்செலில் வராது. உள்ளலங்காரத்துக்கு அவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள், ஊழியர்கள் எங்கிருந்து வருகிறார்கள், ஆள் எடுக்கிறார்களா குறைக்கிறார்களா என்று விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

தண்ணீரும் ஒரு கணக்கு

2019 கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, ஓ.எம்.ஆரில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணை பக்கத்தை மூழ்கடித்தது. பேஸ்மென்ட்டில் இருக்கும் மின் சாதனங்களை மேலே ஏற்ற பணம் கேட்டால், "இதனால் வாடகை ஏறுமா?" என்று முதலீட்டாளர் கேட்பார். உடனே ஏறாது. ஆனால், அடுத்து வரும் பெரிய கம்பெனி கேட்கிற முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பராமரிப்புக்கு சதுர அடிக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் கட்டடங்களில், செலவைக் குறைத்தால் மிச்சம் ஓனருக்கு. மாதம் 20,000 ரூபாய் செலவாகும் 10 ஹவுஸ்கீப்பிங் ஆட்களை நீக்கினால் வருடத்துக்கு 24 லட்சம். காகிதத்தில் கட்டட மதிப்பு 3 கோடி ஏறிவிடும். மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் அந்த வேலை விழும். இளம் அனலிஸ்ட் தயாரிக்கும் ஷீட்டில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியைக் கேள்வி கேட்காமல் அனுப்புவதா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இப்போது இவ்வளவு பேச்சு?

முக்கியக் காரணம் 'ரீட்'. செபி 2014-ல் இதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ், நாட்டின் முதல் ரீட்டாகப் பங்குச்சந்தைக்கு வந்தது. சிம்பிளாகச் சொன்னால், பலர் பணம் போட்டு, வாடகை வரும் பெரிய கட்டடங்களைச் சேர்ந்து வைத்திருப்பது. சொத்தில் குறைந்தது 80% கட்டி முடித்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் குறைந்தது 90% முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டும். வடபழனி நெக்ஸஸ் விஜயா மால், போரூர் காமர்ஸோன், துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலை எம்பசி ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோன் எல்லாம் ரீட்கள் கையில் இருப்பவைதான். ஓனர் ஒருவராக இருந்தபோது மனக்கணக்கில் ஓடிய விஷயத்தை இப்போது காலாண்டுக்கு ஒருமுறை வெளியில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும்.

யார் நுழையலாம்?

தனிப் பட்டம் கட்டாயமில்லை. ஃபைனான்ஸ் படித்தவர்களுக்குக் கணக்கு எளிது, கட்டடம் புரியாது. சிவில், ஆர்க்கிடெக்சர் ஆட்களுக்கு நேரெதிர். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் வாடகைப் பட்டியலைச் சரிபார்ப்பது, குத்தகைப் பத்திரங்களை வரிவரியாகப் படிப்பது, எக்செல் மாடல் செய்வது. போரடிக்கும். அனுபவம் சேர்ந்தபின் சி.எஃப்.ஏ., எம்.ஆர்.ஐ.சி.எஸ். போன்ற தகுதிகள் கைகொடுக்கும்.

ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் வழியாக உள்ளே வருபவர்கள் சீக்கிரமே கணக்குப் பக்கம் கைவைப்பது நல்லது. இல்லையென்றால் பத்து வருடம் கழித்தும் ஏ.சி. புகாரையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். முடிவெடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் மும்பையிலும் பெங்களூருவிலும் இருப்பதால், சென்னையை விட்டு நகரத் தயாரா என்பதையும் யோசிக்க வேண்டும். இன்னொரு விஷயம், நன்றாக வேலை பார்த்து மதிப்பை ஏற்றினால் ஓனர் கட்டடத்தை விற்றுவிடக்கூடும். வாங்குபவர் தன் டீமோடு வருவார்.

முயன்று பார்க்க காசு தேவையில்லை. ரீட்களின் காலாண்டு அறிக்கைகள் அவர்களின் இணையதளங்களில் இலவசம். எவ்வளவு இடம் காலி, எந்த வருடம் எத்தனை குத்தகை முடிகிறது, புதுப்பித்தபோது வாடகை ஏறியதா என்று மூன்று காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் கொட்டாவி வருகிறதா, நான்காவது அறிக்கையைத் தேடத் தோன்றுகிறதா என்று தெரிந்துவிடும்.