30% சுருங்கினால் ‘பலன்’, 20% வளர்ந்தால் ‘முற்றுகிறது’: புற்றுநோய் மருந்துக்கு மார்க் போடும் ஸ்கேன்

புதிய புற்றுநோய் மருந்து பரிசோதனையில் ‘நல்ல பலன்’ தந்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்தப் பலனை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். அதைப் படிக்க ஒரு பொது விதிமுறை உண்டு. பெயர் ‘ரெசிஸ்ட்’.

விதிமுறை எதற்கு?

முன்பு கையால் தடவிப் பார்த்தும் கட்டியை அளந்தார்கள். 1976-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரை மெத்தைக்கு அடியில் வைத்த 12 உருண்டைகளை அனுபவமுள்ள 16 மருத்துவர்கள் அளந்தார்கள். ஒரே உருண்டைக்கு ஆளுக்கு ஓர் அளவு! மாறாத கட்டிகூட ‘சுருங்கிவிட்டது’ என்று பதிவாகலாம் என்பது தெரிந்தது. ரெசிஸ்ட் 2000-ல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2009-ன் 1.1 பதிப்பு.

எப்படி அளக்கிறார்கள்?

சிகிச்சைக்கு முன் ஒரு ஸ்கேன். அதில் 10 மி.மீ.க்குக் குறையாத கட்டிகளில் அதிகபட்சம் 5-ஐத் தேர்வு செய்கிறார்கள். ஓர் உறுப்பில் 2-க்கு மேல் கூடாது. ஒவ்வொன்றின் நீளமான விட்டத்தையும் எடுத்துக் கூட்டுகிறார்கள். மருந்து தொடங்கியபின் குறிப்பிட்ட இடைவெளியில் அதே கட்டிகளை மறுபடி அளக்கிறார்கள்.

* எல்லாம் மறைந்தால்: முழுப் பலன்
* 30% அல்லது அதற்கு மேல் குறைந்தால்: பகுதிப் பலன்
* 20% அல்லது அதற்கு மேல், குறைந்தது 5 மி.மீ. கூடினால், அல்லது புதிய கட்டி வந்தால்: நோய் முற்றுகிறது
* இடைப்பட்டது: மாற்றமில்லை

இங்கேதான் ஒரு சிக்கல். 100 மி.மீ. இருந்த கூட்டுத்தொகை 60-க்கு இறங்கி, பிறகு 72 ஆகிறது என வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தைவிடக் குறைவுதானே? ஆனாலும் கணக்குப்படி நோய் முற்றுகிறது. காரணம், வளர்ச்சியை ஒப்பிடுவது இதுவரை தொட்ட மிகக் குறைந்த அளவோடுதான்.

சில மில்லிமீட்டர் ஏன் முக்கியம்?

‘முற்றுகிறது’ என்று பதிவானால், பல பரிசோதனைகளில் அந்த நோயாளிக்கு மருந்து நிறுத்தப்படும். அதனால்தான், யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத வெளி நிபுணர்களும் ஸ்கேனைத் தனியாகப் பார்ப்பதுண்டு.

அளவு ஏமாற்றுமா?

ஏமாற்றும். இமாட்டினிப் மருந்து வேலை செய்யும்போது ஜிஸ்ட் என்ற வயிற்றுக் கட்டி பெரிதாகச் சுருங்காமல் அடர்த்தி மட்டும் குறையலாம். இதைக் கணக்கில் எடுக்க 2007-ல் ‘சோய்’ அளவுகோல் வந்தது. இம்யூனோதெரபியில் நோய் எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் குவிவதால் அது முதலில் வீங்கித் தெரியலாம். அதனால் 2017-ல் வந்த ‘ஐரெசிஸ்ட்’, 4 முதல் 8 வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறது.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: கட்டி சுருங்கியது என்பதாலேயே ஆயுள் கூடியது என்று ஆகிவிடாது. அடுத்த முறை ‘நல்ல பலன்’ என்று படித்தால், நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்பதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.