காயமுற்ற மாணவர் மீண்டும் களமிறங்குவது எப்போது?

விளையாட்டுக் களத்தில் காயம் நேர்தல் இயல்பே. அதற்கு மருத்துவம் செய்வது மருத்துவரின் பணி. ஆயினும், “நாளைய ஓட்டத்தில் இவன் கலந்துகொள்ளலாமா?” என்னும் வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரையே வந்தடைகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், மூணாறு முதலிய எல்லைப் பகுதிப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. இம்முடிவை எவ்வாறு எடுப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கர் 2023ஆம் ஆண்டில் 8.37 மீட்டர் தாண்டிப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றார். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது அவரது முழங்காலில் காயம் ஏற்பட்டது. அறுவை மருத்துவம் தேவைப்பட்டமையால் ஒலிம்பிக் வாய்ப்பை அவர் இழந்தார். ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின்னர், 2025 ஜூலையில், புனே நகரில் 8.05 மீட்டர் தாண்டி வெற்றி பெற்றார். அடுத்த மாதம் புவனேசுவரத்தில் 8.13 மீட்டர் தாண்டினார். காயத்திற்கு முன் அவர் எய்திய மிகச் சிறந்த தொலைவோ 8.41 மீட்டர். களத்திற்குத் திரும்புதல் வேறு, பழைய திறனை எய்துதல் வேறு என்பது இதனால் விளங்கும். 2016ஆம் ஆண்டில் வெளியான பெர்ன் அறிக்கையும், பயிற்சிக்குத் திரும்புதல், போட்டிக்குத் திரும்புதல், முழுத் திறனுக்குத் திரும்புதல் என இதனை மூன்று படிகளாகவே வகுத்துள்ளது.

வலி நீங்கியதும் காயம் ஆறிவிட்டதெனக் கருதுவது பெரும் பிழை. காயமுற்ற இடத்தில் முதற்சில நாட்கள் வீக்கம் இருக்கும். பின்னர்ப் புதிய இழைகள் தோன்றும். ஆனால், அவ்விழைகள் ஒழுங்குபட்டு வலிமை பெறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். வலியோ அதற்கு நெடுநாள் முன்னரே மறைந்துவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் மீண்டும் காயம் நேர்கிறது. முழங்கால் தசைநார் அறுவைக்கு உட்பட்டவர்களைப் பற்றி நார்வே, அமெரிக்க அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை வலியுறுத்துகிறது. ஒன்பதாம் மாதம் வரை, ஒவ்வொரு மாதத் தாமதத்திற்கும் மீள்காய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிபு.

எனவே, முடிவெடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதலாவது: உறுப்பு ஆறியுள்ளதா? வீக்கமின்மை, மூட்டின் முழு அசைவு, இரு கால்களின் சம வலிமை ஆகியவற்றை நோக்குக. முழங்காலில் காயமுற்ற மாணவர் வலியின்றி ஓடவும் குதிக்கவும் தொடங்கிய பின்னர், ஒற்றைக் காலால் தாண்டச் செய்து நாடாவால் அளக்கலாம். நல்ல கால் 150 செ.மீ. தாண்டினால், காயமுற்ற கால் 135 செ.மீ.யேனும், அதாவது 90 விழுக்காடேனும், தாண்ட வேண்டும். ஓய்வினால் நல்ல காலும் தளர்ந்திருக்கக்கூடுமாதலின், இவ்வளவு ஒன்றையே நம்புதல் கூடாது.

இரண்டாவது: விளையாட்டு அவ்வுறுப்பின்மேல் எத்துணைச் சுமையை ஏற்றும்? சமதளத்தில் நேராக ஓடுதல் எளிது. கால்பந்திலும் கபடியிலும் திடீரெனத் திரும்புதல் கடினம். மேட்டிலிருந்து இறங்கி ஓடுகையில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. முழங்காலின் சுமை மிகுகிறது. ஆகவே, சித்தூர்ச் சமவெளியில் நன்கு ஓடும் மாணவர் மூணாற்றுச் சரிவிற்கு ஆயத்தமாகிவிட்டார் எனக் கொள்ளலாகாது.

மூன்றாவது: முடிவை உந்துவது எது? மாவட்டப் போட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய கல்லூரி இடம், பள்ளியின் பெருமை, மாணவரின் ஆவல் ஆகிய யாவும் மெய்யான காரணங்களே. எளிய குடும்பத்துச் சிறுவருக்கு ஒரு பதக்கம் வாழ்வையே மாற்றக்கூடும். ஆயினும், இவை முதலிரு வினாக்களின் விடையை மாற்றா. இவற்றை வெளிப்படையாக மாணவரோடும் பெற்றோரோடும் பேசி, மருத்துவரின் கருத்தையும் பெற்ற பின்னரே முடிவு செய்தல் நன்று.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், இவ்வாராய்ச்சிக்கே இடமில்லை. அன்று மீண்டும் விளையாட அனுமதித்தலாகாது. மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியன காணப்படின் கணமும் தாழ்த்தலாகாது. பின்னர் முதலில் வகுப்பறை, அதன் பின்னரே களம். விளையாட்டிற்குத் திரும்பும் ஆறு படிகளில் ஒவ்வொன்றிற்கும் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும். பிறரோடு மோதும் பயிற்சிக்கு மருத்துவரின் இசைவும் வேண்டும்.

ஆசிரியர் ஒவ்வொரு காயத்திற்கும் ஒரு குறிப்பேட்டில் நாள், உறுப்பு, அளவு, எட்டிய படி ஆகியவற்றை எழுதி வருவாராக. போட்டிக்கு முதல் நாள் பலரும் வற்புறுத்தும்போது, அக்குறிப்பேடே அவருக்குத் துணை நிற்கும். இவ்வாண்டு தவறிய போட்டி அடுத்த ஆண்டும் வரும். பதினைந்து வயதில் கெட்ட முழங்காலோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும்.