பட்டறையில் ஒரு பட்டதாரிக்கு இடமுண்டா?

நம் குடும்பங்களிலே இன்று இருவகைக் கவலைகள் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்து வருகின்றன. பட்டம் பெற்ற மகனுக்கோ மகளுக்கோ வேலை அமையவில்லையே என்பது ஒரு வீட்டின் கவலை. அடுத்த தெருவில் சிறுதொழில் நடத்தும் வீட்டிலோ, பொறுப்போடு பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையே என்பது கவலை. இவ்விரு வீட்டாரும் ஒருவரையொருவர் அணுகத் தடையாக நிற்பது பல வேளைகளில் ஒரே ஒரு சொற்றொடர்தான்: ‘முன் அனுபவம் உள்ளவர் தேவை.’ எவருமே முதல் வாய்ப்பை அளிக்காவிடில் அனுபவம் எங்கிருந்து வரும் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோரின் விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. நாட்டின் சராசரியோ 28.4. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆயினும் கல்லூரியின் வாசல் திறந்த அளவிற்குத் தொழிற்கூடத்தின் வாசல் திறக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981இல் விடுத்த சுற்றுமடலில், படித்துத் தகுதி பெற்றும் வேலை காணாத இளைஞர்களின் துயரத்தைத் தனியே சுட்டிக்காட்டியதும் இதனால்தான்.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். பம்பு, மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர், அவற்றிற்கான வார்ப்படங்கள் என அந்நகரின் பெயர் விளங்கக் காரணம் பெரிய ஆலைகள் மட்டுமல்ல. ஐந்து பத்துப் பேர் உழைக்கும் சிறு பட்டறைகளுமாகும். அத்தகைய பட்டறையில் தொழிலறிவு எங்கே இருக்கிறது? லேத்தின் ஓசை மாறியதுமே டூல் மழுங்கிவிட்டதென்று உணரும் மூத்த தொழிலாளியின் செவியில் இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் எந்த அளவில் கண்டிப்பானவர் என்றறிந்த உரிமையாளரின் நினைவில் இருக்கிறது. பெரும்பாலும் எழுதப்பட்ட ஏடு எதிலும் இல்லை. அவ்விருவரும் ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவர்களோடு வெளியேறிவிடும். எந்திரத்தை விலைக்கு வாங்கலாம். இவ்வறிவை எந்தக் கடையில் வாங்குவது?

புதிய பட்டதாரி இங்கேதான் பயன்படுகிறார். கணினியில் வரைபடம் வரைதல், சி.என்.சி. எந்திரத்திற்கு நிரல் எழுதுதல், 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் கணக்குகளைக் காலந்தவறாமல் பதிதல் ஆகியவற்றை, தாம் பயின்ற துறைக்கேற்ப, அவர் விரைவில் கற்றுக்கொள்வார். அதனினும் மேலாக, மூத்தவரின் கையறிவை அளவுகளோடும் படங்களோடும் ஏட்டில் பதிந்து வைக்கும் பணியை அவரிடம் ஒப்படைக்கலாம். முதியவர் கற்பிக்க, இளையவர் எழுத, பட்டறைக்கு ஒரு நிலையான செல்வம் சேருகின்றது.

‘கல்லூரியில் படித்தவருக்கு ஒரு மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியவில்லையே’ என்று சிலர் குறைகூறுவர். உண்மையே. ஆனால் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும். தேவை, ஒழுங்கானதொரு திட்டம். முதல் மூன்று மாதம் எல்லாப் பிரிவுகளிலும் உடனிருந்து காணட்டும். அடுத்த மூன்று மாதம் ஒரே வேலையைத் துணையோடு செய்யட்டும். பிறகு ஒரு சிறு பொறுப்பைத் தாமே ஏற்கட்டும். அவருக்கு வழிகாட்ட மூத்தவர் ஒருவரைக் குறித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை உரிமையாளர் அவரோடு அரை மணி நேரம் அமர்ந்து பேச வேண்டும். பெரிய ஆலையில் ஒரு மூலையை மட்டுமே காணும் இளைஞர், சிறு பட்டறையில் தொழில் முழுவதையும் காண்கிறார்.

‘கற்றுக்கொண்டு போய்விடுவாரே’ என்பது அடுத்த அச்சம். சிலர் போகத்தான் செய்வர். ஆனால் இன்றைய உரிமையாளர்களிலே பலர் நேற்று வேறொருவரிடம் தொழில் கற்று வெளியேறியவர்கள் அன்றோ? 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கச் சிவகாசியிலிருந்து கல்கத்தாவிற்குச் சென்றனர். அங்கே கற்ற தொழில் ஓர் ஊரையே வாழ வைத்தது. அன்றியும், மதிப்போடு நடத்தி, வளர வழி காட்டும் இடத்தை விட்டு எவரும் எளிதில் அகல்வதில்லை.

செலவைப் பற்றியும் கூறுவோம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 1973இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும், 2014இல் பிற பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நான்கு பேர் பணிபுரியும் நிறுவனமும் விரும்பினால் பழகுநரை அமர்த்தலாம். முப்பது பேரை எட்டினால் அது கட்டாயமாகிறது. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 9,000 ரூபாய் என அவ்விதிகள் வகுத்தன. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மைய அரசு ஏற்கிறது. இதனை அறியாத சிறுதொழில் உரிமையாளர்கள் நம்மிடையே பலர் உள்ளனர்.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. பயிற்சி என்ற பெயரால் இளைஞரை ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலைக்கு வைத்திருப்பது அநீதியாகும். இத்தனை மாதத்தில் இன்னதைக் கற்பிப்போம், பயிற்சி முடிந்தபின் இன்ன ஊதியம் தருவோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தந்துவிடுவது இருசாராருக்கும் நன்று.

பெற்றோரே, ‘படித்த பிள்ளை கையில் எண்ணெய்க் கறையா?’ என்று தயங்காதீர்கள். தொழில் நடத்தும் அன்பர்களே, அடுத்த முறை ஆள் தேவை என்று எழுதும்போது ‘முன் அனுபவம்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, ‘கற்றுத் தரப்படும்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த அறிவிப்பிற்காக எத்தனையோ வீடுகள் காத்திருக்கின்றன.