ஓட்டு இயந்திரத்தைத் தயாரிப்பது யார்... சரிபார்ப்பது யார்? தவறவிடக் கூடாத அந்த 7 விநாடிகள்!

தேர்தல் வந்துவிட்டால் போதும், ‘எந்த பட்டனை அழுத்தினாலும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு விழுது’ என்று ஒரு வீடியோவாவது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். உடனே ‘எல்லாம் மோசடி’ என்று ஒருவரும், ‘தோற்றவன் சொல்ற சாக்கு’ என்று இன்னொருவரும் மல்லுக்கு நிற்பார்கள். இந்தச் சண்டைக்கு நடுவில் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த இயந்திரங்களைத் தயாரிப்பது யார்? அவற்றைச் சரிபார்ப்பது யார்?

இரண்டே நிறுவனங்கள்

இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிப்பவை இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்தான். ஒன்று, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இன்னொன்று, அணுசக்தித் துறையின் கீழ் உள்ள ஐதராபாத் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். நம் எழுத்தாளர் சுஜாதா பொறியாளர் ரங்கராஜனாக வேலை பார்த்து, இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியது பாரத் எலெக்ட்ரானிக்ஸில்தான்.

1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இந்த இயந்திரம் வைக்கப்பட்டது. ‘சட்டத்தில் இதற்கு இடமில்லை’ என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்கவும், 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்கவும் ஓட்டுச்சீட்டின் இடத்தை இயந்திரம் பிடித்தது.

சந்தேகம் எங்கே வருகிறது?

தயாரிப்பவர் அரசு நிறுவனம் என்பதே சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கவலை. பாரத் எலெக்ட்ரானிக்ஸின் இயக்குநர் குழுவில் ஆளும் பா.ஜ.க-வைச் சேர்ந்தவர்கள் இருப்பதாக, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி ஈ.ஏ.எஸ்.சர்மா 2024-ல் தேர்தல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்.

மறுபக்கம், ஆணையம் சொல்லும் பதிலும் வலுவானது. இயந்திரம் தயாராகும்போது எந்தத் தொகுதியில் யார் வேட்பாளர், அவர் எத்தனையாவது பட்டன் என்பது யாருக்கும் தெரியாது. பெயர்கள் அகர வரிசையில் வருவதால், ஒரே கட்சி ஒரு தொகுதியில் 2-வது இடத்திலும் பக்கத்துத் தொகுதியில் 5-வது இடத்திலும் இருக்கும். எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதும் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில்தான் முடிவாகிறது.

ஆனால், சீட்டு அச்சடிக்கும் ‘விவிபேட்’ கருவியில் வேட்பாளர் பெயரும் சின்னமும் ஏற்றப்படுவது, வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு. வழக்கு தொடுத்தவர்கள் சுட்டிக்காட்டிய இடம் இதுதான். 2024 ஏப்ரல் 26-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நிராகரித்தது. அதேசமயம், சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவுக்குப் பிறகு 45 நாள்கள் சீல் வைத்துப் பாதுகாக்கச் சொன்னது. 2-ம், 3-ம் இடம் பிடித்த வேட்பாளர்கள் 7 நாள்களுக்குள் கேட்டால், 5% இயந்திரங்களின் மெமரியைச் சோதிக்கலாம் என்றும் சொன்னது.

அந்தச் சோதனையைச் செய்வது யார்? தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள்! வேட்பாளர்கள் உடனிருந்து பார்க்கலாம்தான். ஆனாலும், சமைத்தவரே ருசி பார்த்து ‘பிரமாதம்’ என்று சொன்னால், சாப்பிட வந்தவருக்கு முழுத் திருப்தி வருமா?

ஜெர்மனி சொன்ன பாடம்

ஜெர்மனியில் 2005 தேர்தலில் நெதர்லாந்தின் நெடாப் நிறுவன இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்டன. மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும், அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் அந்த இயந்திரங்களின் பயன்பாடு சாசனத்துக்கு விரோதமானது என்றது. தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அது சொன்ன காரணம்.

நெடாப் இயந்திரத்தில் காகிதமே கிடையாது. நம்மிடம் இருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் வார்த்தையை நம்பாமல் நாமே பார்த்துக்கொள்ள நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி, அந்தச் சின்னஞ்சிறு விவிபேட் சீட்டுதான். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. அப்படி 4 கோடிக்கும் அதிகமான சீட்டுகளைச் சரிபார்த்ததில், ஒருவரின் ஓட்டு இன்னொருவருக்கு மாறியதே இல்லை என்று ஆணையம் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

* பட்டனை அழுத்தியதும் திரும்பிவிடாதீர்கள். விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடிகள் தெரியும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றையும் பாருங்கள்.

* வேறு சின்னம் வந்தால் அங்கேயே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் தண்டனை உண்டு.

* நீங்கள் பூத் ஏஜென்ட்டா? காலையில் குறைந்தது 50 ஓட்டுகளுடன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்குத் தூக்கம் பார்க்காமல் போய்விடுங்கள். மாலையில், பதிவான ஓட்டுகளின் எண்ணிக்கை உள்ள 17சி படிவத்தைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

யாரோ அனுப்பிய வீடியோவை நூறு பேருக்கு ஃபார்வேர்டு செய்வது சுலபம். ஆனால், உங்கள் ஓட்டு யாருக்கு விழுந்தது என்பதற்கு உங்களைவிடச் சிறந்த சாட்சி யாரும் இல்லை. அடுத்த முறை அந்த 7 விநாடிகள் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்!