கோடைக் கலாசாலை: வித்தையா, வியாபாரமா?

அமெரிக்காவில் மே மாத முடிவிலாவது ஜூன் மாதத்திலாவது பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. அதன்பின் ஏறக்குறைய பத்து வாரம் விடுமுறை. அதே சமயத்தில் சர்வகலாசாலைகளின் வகுப்பறைகளும் மாணவர் விடுதிகளும் பெரும்பாலும் காலியாகி விடுகின்றன. ஒருபுறம் பாடமின்றிப் பொழுதைக் கழிக்கும் பிள்ளைகள். மறுபுறம் ஆளின்றி நிற்கும் கட்டடங்கள். இவ்விரண்டையும் ஒன்று கூட்டி, ஹைஸ்கூலில் படிக்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைச் சில வாரங்களுக்குக் கலாசாலையில் இருத்திப் பாடம் சொல்லும் ஏற்பாடு அந்நாடெங்கும் பரவியிருக்கிறது.

இதைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. வித்தையின் பொருட்டும் தேச க்ஷேமத்தின் பொருட்டும் தோன்றிய ஒரு நல்ல வழக்கம், நாளடைவில் கடைச்சரக்காக மாறி வருகிறது. சரக்கென்று ஆனபின் விளம்பரம், தரகு, போலி ஆகிய மூன்றும் பின்தொடர்ந்து வருவது இயல்பே. அங்கே குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களையன்றி, சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள பெற்றோர்களையும் இந்தச் சரக்கு தேடி வருகிறது. ஆகையால் வழக்கின் இரு பக்கங்களையும் விசாரித்து அபிப்பிராயம் கூறுவது நம் கடமையாகிறது.

முதலில் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். ஹார்வர்டு சர்வகலாசாலை 1871ஆம் வருஷத்தில் கோடைப் படிப்பை ஆரம்பித்தது. அப்பொழுது அங்கு வந்தவர்களில் முக்கியமானவர்கள் பள்ளி உபாத்தியாயர்கள். வருஷம் முழுவதும் பாடம் சொல்லி ஓய்ந்தவர்கள், விடுமுறையில் தாமே மாணாக்கராகித் தாவர சாஸ்திரம் முதலியன கற்றார்கள். 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ சர்வகலாசாலையின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், வருஷத்தை நான்கு பருவங்களாக வகுத்து, கோடையையும் மற்றப் பருவங்களுக்குச் சமமான படிப்புக் காலமாக்கினார். அதாவது, கோடைக் கலாசாலையின் மூலநோக்கம் ஊருக்குள் கல்வியைப் பெருக்குவதே. உபாத்தியாயர் கற்றுக்கொண்டு போனால் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பயன்படும் அல்லவா?

பள்ளிப் பிள்ளைகளையே கலாசாலைக்கு அழைக்கும் வழக்கம் ஊக்கம் பெற்றதற்கு ஒரு பெரிய அதிர்ச்சி காரணமாயிற்று. 1957 அக்டோபர் 4ஆம் தேதியன்று சோவியத் ருஷ்யா 'ஸ்புட்னிக்' என்னும் செயற்கைச் சந்திரனை ஆகாயத்தில் ஏற்றியது. விஞ்ஞானத்தில் தாம் பின்தங்கிவிட்டோமோ என்ற கவலை அமெரிக்கர்களைப் பிடித்தது. மறு வருஷமே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் சர்க்கார் பணத்தைக் கொடுத்து, ஹைஸ்கூல் மாணவர்களுக்குக் கலாசாலைகளில் கோடை வகுப்புக்கள் நடத்தச் செய்தது. பிள்ளையின் தகப்பனாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அங்கே முதலில் கேட்கப்படவில்லை. பிள்ளையின் புத்தி எத்தகையது என்றே கேட்கப்பட்டது.

அதே 1957ஆம் வருஷத்தில் ஆர்னால்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் நோட்டர்டேம் சர்வகலாசாலையில் ஆரம்பித்த வகுப்பு இன்றளவும் பேசப்படுகிறது. பின்னர் அவர் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலைக்குச் சென்றபொழுது வகுப்பும் அவரைப் பின்தொடர்ந்து சென்றது. அங்கே கணிதத்தை மனப்பாடம் செய்விப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சாதாரண எண்களையே எடுத்துக்கொண்டு, அவை ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று பிள்ளைகளே ஆராய்ந்து, ஊகித்து, பின்பு நிரூபிக்க வேண்டும். ஒரு கணக்குக்குப் பல நாள் உட்கார நேரிடும். விடை தெரியாமல் தவிப்பதும் படிப்பின் ஒரு பகுதி என்பதை அப்பிள்ளைகள் அங்கேதான் அறிகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எப்பொழுதும் முதல் மார்க் வாங்கிப் பழகியவனுக்கு இதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை என்பது நமது துணிபு.

மற்றொரு முயற்சி ஏழைகளை உத்தேசித்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தமது இளமையில், 1928ஆம் வருஷத்தில், டெக்ஸாஸ் மாகாணத்துக் காட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்ஸிகோ வம்சத்து ஏழைக் குழந்தைகளுக்கு உபாத்தியாயராக இருந்தவர். அவர் ஆட்சியில் 1964இல் நிறைவேறிய சட்டத்தின் பயனாகத் தோன்றியதே 'அப்வர்ட் பவுண்ட்' என்னும் திட்டம். இதில் சேரும் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது வருமானம் குறைந்த குடும்பத்தினராகவும், பெற்றோர் பட்டம் பெறாதவராகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. கோடையில் சுமார் ஆறு வாரம் கலாசாலையில் படிப்பு, செலவு சர்க்காருடையது. தன் வீட்டில் எவரும் மிதித்திராத கலாசாலைப் படியை முதன்முதலாக மிதிக்கும் சிறுமி, 'இவ்விடமும் நமக்கு உரியதே' என்று உணர்கிறாள். அந்த உணர்ச்சிக்கு விலை ஏது?

தனியார் தர்மங்களும் இவ்வழியில் தொண்டு செய்திருக்கின்றன. டெல்லுரைட் சங்கத்தார் 1954 முதல் கோடை வகுப்புக்கள் நடத்தி வருகிறார்கள். படிப்புக்கும் உணவுக்கும் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. 1984இல் ஏற்பட்ட விஞ்ஞான ஆராய்ச்சி வகுப்பு ஒன்று மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் ஆறு வாரம் நடைபெறுகிறது. அதிலும் படிப்பு, விடுதி, உணவு யாவும் இலவசம். இவற்றில் இடம் கிடைப்பது மிக அரிது. கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும். ஆசிரியரின் நற்சாட்சி வேண்டும். அப்படியும் விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலரே தேறுவர்.

நிற்க. இப்பொழுது வழக்கின் மறுபக்கத்திற்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க சர்க்கார், தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் கல்விப் பகுதிக்குரிய மானியத்தை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டது. பிறகு ஓரளவு உயிர் பெற்றதாயினும் பழைய விஸ்தாரம் திரும்பவில்லை. சர்க்கார் விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. காலியான விடுதி அறை ஒவ்வொன்றும் நஷ்டம் என்று கணக்கிட்ட நிர்வாகிகள், அவற்றை நிரப்பும் வழியைக் கண்டார்கள். பெயர் பெற்ற சர்வகலாசாலையின் இரண்டு வார வகுப்பு என்றால், அதன் கட்டணம் இன்று 5000 டாலருக்கு மேலாகிறது. நமது நாணயத்தில் 4 லட்சம் ரூபாய்க்கு அதிகம். கப்பல், விமானச் செலவு வேறு. ஏழு வாரம் விடுதியில் தங்கிப் படிப்பதானால் 10,000 டாலரும் போதாது.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? இங்கேதான் நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். கோடைப் படிப்பில் இருவகை உண்டு. ஒருவகை, உண்மையான கலாசாலைப் பாடம். அதற்குப் பரீக்ஷை உண்டு; மார்க் உண்டு; அந்த மார்க் கலாசாலைப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். நன்றாகப் படித்தவனுக்குப் பிற்காலத்தில் அது உதவும்; தவறியவனை அது விடாமல் தொடரும். மற்றொரு வகைக்குப் பரீக்ஷையும் இல்லை, பதிவும் இல்லை, முடிவில் ஓர் அத்தாட்சிப் பத்திரம் மட்டும் கிடைக்கும். இரண்டிற்கும் வாயில் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. உள்ளே நுழைந்தபின் வித்தியாசம் பெரிது.

இவை தவிர மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கம்பெனிகள் சில, கலாசாலையின் கட்டடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்கள் ஆட்களைக்கொண்டே பாடம் நடத்துகின்றன. அக்கலாசாலையின் பேராசிரியர் ஒருவரும் அங்கே தலைகாட்டுவதில்லை. 'தங்கள் குமாரன் விசேஷமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான்' என்று பெற்றோருக்குக் கடிதம் வரும். தேர்ந்தெடுத்தது பிள்ளையின் திறமையையா, தகப்பனாரின் பணப்பையையா என்பது கட்டணச் சீட்டைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பெற்றோர் இதற்கு உடன்படுவதன் காரணம் வெளிப்படை. கோடையில் அங்கே படித்தால் பின்னால் அதே சர்வகலாசாலையில் இடம் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நாம் வக்கீல் தொழிலில் கண்ட அனுபவம் ஒன்றுண்டு: ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைவிடச் சிறிய எழுத்தில் இருப்பதே கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தும். கோடை வகுப்பில் சேர்வதால் பிற்காலப் பிரவேசத்திற்கு எவ்வித சலுகையும் இல்லை என்று பெரிய சர்வகலாசாலைகள் பல தாமே எழுதி வைத்திருக்கின்றன. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மக்களுடைய ஆசை அவர்களுக்காகப் பொய் சொல்லுகிறது; அந்தப் பொய்யைத் திருத்த அவர்கள் அவசரப்படவுமில்லை.

எதிர்க்கட்சியார் கூறும் நியாயத்தையும் மறைக்கலாகாது. பணம் கொடுத்துச் சேரும் வகுப்புக்களிலும் நல்ல ஆசிரியர்கள் உண்டு. வீட்டை விட்டு வெளியே தங்கி, தன் துணியைத் தானே துவைத்து, பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகுவதால் வரும் தைரியம் பொய்யன்று. சில கலாசாலைகள் ஏழை மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தும் கொடுக்கின்றன. வசதி படைத்தவர் தம் பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்கென்று தெரிந்தே செலவிட்டால், குறை கூற நாம் யார்? கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும், கிடைக்காத ஒன்று கிடைக்குமென்று எண்ணிச் செலவிடுவோரைப் பற்றியதே நமது கவலை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியோர்.

அன்றியும், மலிவான வழி இல்லாமலில்லை. காலிபோர்னியா மாகாணத்துக் கம்யூனிட்டி காலேஜுகளில், அம்மாகாணவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்பது 2012 முதல் உள்ள கட்டணம். மூன்று யூனிட் கொண்ட முழுப் பாடம் ஒன்றிற்குச் சில்லறைக் கட்டணம் நீங்கலாக 138 டாலர்தான். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குப் பல காலேஜுகள் அதையும் தள்ளிக் கொடுக்கின்றன. அங்கே பெறும் மார்க் உண்மையான கலாசாலை மார்க். அங்கீகரிக்கப்பட்ட பாடங்களை மாகாண சர்வகலாசாலைகள் ஏற்றுக்கொள்ளுகின்றன. 138 எங்கே, 5000 எங்கே? பளிங்கு மண்டபத்தில் சொன்னாலும் ஓட்டுக் கட்டடத்தில் சொன்னாலும் கணிதம் ஒன்றுதானே! அங்கே குடியிருக்கும் நம்மவர், பிரசித்தியை நாடி ஓடுமுன் தம் தெருக்கோடியில் இருப்பதை விசாரிப்பது உத்தமம்.

ஆகவே பெற்றோர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற வேண்டுமென்பது நம் யோசனை. பாடம் சொல்லுபவர் யார், அக்கலாசாலையின் ஆசிரியரா, வெளியார் கம்பெனியின் ஆளா? படித்ததற்குப் பதிவேட்டில் மார்க் உண்டா, இல்லையா? விண்ணப்பித்தவர்களில் எவரையேனும் தள்ளுகிறார்களா, அன்றிப் பணம் கட்டியவர் எல்லோரையும் சேர்க்கிறார்களா? நேரான விடை வராத இடத்தில் கையொப்பமிடுவது விவேகமன்று. இவற்றோடு நான்காவதாக ஒன்றைத் தம் பிள்ளையிடமே கேட்கலாம்: 'நீ அங்கே எதைக் கற்க ஆசைப்படுகிறாய்?' இதற்கு விடை சொல்லத் தெரியாத பிள்ளை, கோடையை வீட்டிலும் நூல்நிலையத்திலும் கழிப்பதே மேல்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2025ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் தங்கள் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய வரவு செலவுத் திட்டத்தில், 'அப்வர்ட் பவுண்ட்' உள்ளிட்ட ஏழை மாணவர் திட்டங்களுக்குரிய பணத்தை அடியோடு நிறுத்திவிடலாமென்று யோசனை கூறியிருந்தார்கள். ஒருபுறம் பணமுள்ளவர் வாங்குவதற்கென்று புதுப்புது வாயில்கள் திறக்கப்படுகின்றன. மறுபுறம் பணமற்றவர் நுழைந்த ஒரே வாயிலை அடைத்துவிடலாமா என்று ஆலோசிக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த விஷயத்தின் முழு ரூபம் தெரியும். ஒரு தேசம் தன் கலாசாலைக் கதவைக் கோடையில் யாருக்குத் திறக்கிறது என்பது சில்லறை விஷயமன்று. நாளைக்கு அத்தேசத்தை நடத்தப் போகிறவர்கள் யார் என்பதையே அது காட்டுகிறது. கதவைத் திறக்கும் சாவி அறிவாக இருக்கும் வரையில் கோடைக் கலாசாலை வாழ்க என்போம். பணமே சாவியானால், அது கலாசாலையன்று; கடை.