காகித நூலும் கைத்தறியும்

காகிதம் எளிதிற் கிழிவது. நீர் பட்டால் குழைவது. ஆதலின் அதனை வலுவற்ற பொருளென்றே நாம் எண்ணுகிறோம். ஆயின், ஜப்பான் நாட்டார் காகிதத்தை நூலாகத் திரித்து, தறியிலேற்றி, உடுக்கவும் துவைக்கவும் ஏற்ற துணியாக நெய்திருக்கின்றனர். 'ஷிஃபு' என்பது அதன் பெயர். காகிதத் துணி என்பதே பொருள். நெசவாளரும் பயிரிடுவோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கத்தார்க்கு இத்தொழிலின் வரலாறு பெரிதும் பயன்படும்.

ஜப்பானின் வடகிழக்குப் பகுதி குளிர் மிகுந்தது. பருத்தி அங்குச் செவ்வனே விளையாது. ஆகவே எடோ காலத்தில் (1603–1868) குடியானவர்கள் கைக்கெட்டிய காகிதத்தையே நாடினர். பழைய கணக்கேடுகளின் தாள்களும் வீணாகவில்லை. அவற்றிலிருந்த மை, நெய்த துணியில் கரும்புள்ளிகளாகத் தோன்றிற்று. மியாகி மாநிலத்து ஷிரோயிஷி என்னும் ஊரிலோ, உயர்குடியினரும் விரும்பும் நுண்ணிய துணியாக இது வளர்ந்தது.

பட்டையும் பசையும்

இத்தொழில் வயலிலே தொடங்குகிறது. பட்டுப்புழுவுக்கு இலையிடும் மல்பெரியின் இனத்தைச் சேர்ந்த 'கோசோ' என்னும் செடியின் கிளைகளை, இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டுவர். அவற்றை ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பர். கரிய புறத்தோலைச் சுரண்டி நீக்கி, வெள்ளைப் பட்டையைச் சாம்பற் காரநீரில் கொதிக்கவைத்து, ஓடும் நீரில் அலசி, தூசு துரும்புகளைக் கையாற் பொறுக்குவர். பின்னர் கொட்டாப்புளியால் அடித்து இழை பிரிப்பர். இவ்விழையின் நீளம் சுமார் 10 மில்லிமீட்டர். மரக்கூழின் இழை பெரும்பாலும் 4 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. காகிதத்தின் வலிமைக்கு இந்நீளமே அடிப்படை.

தொட்டி நீரில் இழையுடன், வெண்டை இனத்தைச் சேர்ந்த 'தொரொரோ அஓய்' என்னும் செடியின் வேரிலிருந்து வடித்த வழுவழுப்பான சாறும் கலக்கப்படுகிறது. இது ஒட்டுவதற்கான பசையன்று. இழைகள் அடியில் தங்காமலும் திரண்டு கட்டியாகாமலும் மிதக்கச் செய்வதே இதன் வேலை. மூங்கிற் பாய் பொருத்திய சட்டத்தால் நீரைப் பலமுறை முகந்து ஆட்டுவர். நூலுக்கான தாளாயின், ஒரே திசையில் முன்னும் பின்னும் ஆட்டி, இழைகளை நீளவாக்கில் படியச் செய்வர். அத்திசையில் நறுக்கிய கீற்றே இழுப்பைத் தாங்கும்.

தாள் நூலாதல்

தாளை மடித்து, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கீற்றுகளாக நறுக்குவர். ஆனால் இரு ஓரங்களிலும் சிறிது விளிம்பை அறுக்காமல் விட்டுவிடுவர். ஈரத்துணியில் பொதிந்து பதப்படுத்தியபின், சொரசொரப்பான கல்லின்மேல் உள்ளங்கையால் உருட்டுவர். தட்டையான கீற்றுகள் உருண்டை வடிவம் பெறும்.

அடுத்த வேலையே நுட்பமானது. ஓர் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகவும், மறு ஓரத்தில் அதற்கு மாறாகவும் விளிம்பைக் கிழித்து வர, தாள் முழுவதும் முடிச்சில்லாத ஒரே நெடிய இழையாக அவிழ்கிறது. திரும்புமிடங்களில் எஞ்சிய சிறு துண்டுகளை விரலால் உருட்டி அடக்கிவிட்டு, ராட்டையிலிட்டு முறுக்கேற்றுவர். முறுக்கு ஏறியதும் காகிதம் நூலாகிவிடுகிறது.

பருத்தி, பட்டு, சணல்வகை நூல் ஆகியவற்றுள் ஒன்றைப் பாவாக வைத்துக் காகித நூலை ஊடையாக நெய்வதே பெருவழக்கு. பாவும் ஊடையும் காகிதமாகவே நெய்வதும் உண்டு. அது மிகுந்த கைத்திறனை வேண்டுவது. துணி எடை குறைந்தது. வியர்வையை ஈர்ப்பதால் கோடைக்கு ஏற்றது.

ஓரிழை அறுந்தால்

மலிவான ஆலைத்துணி பெருகியபோது ஷிஃபு நலிந்தது. 1940-ஆம் ஆண்டையொட்டி ஷிரோயிஷியில் கடகுரா நொபுமிட்சு, சாட்டோ சூட்டரோ, எண்டோ தடாவோ ஆகியோர் கூடி அதற்குப் புத்துயிரூட்டினர். எண்டோ காகிதம் செய்தவர். நல்ல தாளின்றி நல்ல நூலில்லை என்பதை அம்மூவரும் அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வூரில் எஞ்சியிருந்த காகிதப் பட்டறை 2015-இல் மூடப்பட்டது. பின்னர் ஊர்மக்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து அவ்வேலையை மேற்கொண்டனர்.

ஷிமானே, கிஃபு, சைத்தாமா ஆகிய மூன்று மாநிலங்களின் கைக்காகிதக் கலையை யுனெஸ்கோ 2014-இல் மானிட மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. பெருமைதான், ஆனால் பெருமை மட்டும் தொட்டியை நிரப்பாது. கோசோ பயிரிடுவோனுக்கு உரிய விலை கிடையாதாயின் அவன் வேறு பயிருக்கு மாறுவான். பட்டை வராவிடில் தாளில்லை, தாளில்லையேல் நூலில்லை, நூலின்றித் தறி வெறும் மரச்சட்டமே.

நெசவாளர் தம் கூலியைப் பற்றி மட்டும் பேசுவதும், பயிரிடுவோர் தம் விளைபொருளின் விலையை மட்டும் கருதுவதும் சங்கக் கூட்டங்களில் நாம் காண்பதே. ஒருவர் பாவு எனில் மற்றவர் ஊடை. விலை பேசும்போதும் ஆதாயம் பகிரும்போதும் இதனை மறவாதிருப்போமாயின், தொலைதூரத்துக் காகித நூல் நமக்கும் பயன் தந்ததாகும்.